வாயில்லா நோயாளிக்கு வெப்ப மருத்துவம்

சுளுக்குக்கு வறுத்த உப்பு, இடுப்புப் பிடிப்புக்கு வதக்கிய நொச்சி இலை என்று ஒத்தடம் கொடுப்பது நம் குடும்பங்களில் வழிவழியாக வந்த கைவைத்தியம். ஆகவே வீட்டு நாய் வண்டியில் அடிபட்டு, நொண்டிக்கொண்டு வந்து மூலையில் படுத்ததும், பெரியவர்கள் வெந்நீர் வைக்க விரைவதில் வியப்பில்லை. எண்ணம் நல்லதே. ஆயினும் அடிபட்ட அன்றே கொடுக்கும் வெந்நீர் ஒத்தடம் அப்பிராணிக்கு உதவியன்று, உபத்திரவம்.

அடிபட்ட இடத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சிதைந்து, இரத்தமும் நீரும் கசிந்து வீக்கம் உண்டாகிறது. வெப்பமோ குழாய்களை விரியச் செய்யும் இயல்புடையது. எனவே கசிவு மிகும். வீக்கமும் வலியும் பெருகும். முதல் இரண்டு மூன்று நாள்களுக்கு வேண்டியது குளிர்ச்சியே. துணியில் சுற்றிய பனிக்கட்டியை ஒரு வேளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். (அதற்கும் முன்பாக, எலும்பு முறிந்திருக்கிறதா என்பதைக் கால்நடை மருத்துவர் பார்த்துவிட வேண்டும்.) வீக்கம் வற்றிய பின்னரே வெப்பத்தின் முறை வருகிறது. அப்போது அது இரத்த ஓட்டத்தைத் தூண்டும், வலியைத் தணிக்கும், இறுகிய தசைகளை இளகச் செய்யும்.

எங்கள் இல்லத்து நாய்க்கு இம்மூன்றாவது பயனே தேவைப்பட்டது. ஐந்து வயது நிரம்பிய நாட்டு நாய் அது. பின்னங்கால் எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டில் கிடந்தது. கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது. ஆனால் முழங்கால் மடங்க மறுத்தது. காலைத் தரையில் ஊன்றாமல், மூன்று கால்களால் தாவித் தாவியே நடந்தது. இந்நிலை நீடித்தால் தசை சூம்பி, மூட்டு நிரந்தரமாகவே இறுகிவிடக்கூடும் என மருத்துவர் எச்சரித்தார். அவர் காட்டிய வழி, அல்ட்ராசவுண்ட் கருவியால் தசையின் உட்பகுதிக்கு வெப்பமூட்டுவது.

“நாய்க்கு இத்தனை செலவா?” என்று அண்டை வீட்டார் கேட்டனர். நியாயமில்லாத கேள்வியன்று. ஆனால் பத்தாண்டு வாழவேண்டிய பிராணியை மூன்று காலில் விட்டுவிட மனம் வரவில்லை. எங்களுக்கு எழுந்த ஐயம் வேறு: தாயின் வயிற்றில் கருவைப் படம் பிடித்துக் காட்டும் அல்ட்ராசவுண்ட் எவ்வாறு சுடும்? இரண்டும் நம் செவிக்கு எட்டாத ஒலியலைகளே. படம் பிடிக்கும் கருவி மிகக் குறுகிய துடிப்புகளாக அலைகளை அனுப்புகிறது. மருத்துவக் கருவியோ வலிய அலைகளைத் தொடர்ந்து செலுத்துகிறது. அவற்றைத் தசை உறிஞ்சிக்கொள்ளும்போது உள்ளேயே வெப்பம் பிறக்கிறது.

வெந்நீர்த் துணி போதாதா என்போருக்கு அளவுகளே விடை கூறும். 47 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஒத்தடத்தை நாய்களின் முதுகில் வைத்துச் சோதித்த ஆய்வு ஒன்று 2013-இல் வெளியாயிற்று. தோலுக்கு அடியில் சூடு ஏறியது. ஆனால் ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில் மாற்றம் அற்பமே. பத்து நிமிடத்துக்கு மேல் வைத்திருந்தும் கூடுதல் பயன் இல்லை. 2001-இல் வெளியான மற்றோர் ஆய்வில் நாய்களின் தொடைத் தசைக்குப் பத்து நிமிடம் அல்ட்ராசவுண்ட் செலுத்தினார்கள். ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் 4.6 டிகிரியும், மூன்று சென்டிமீட்டரில் 2.4 டிகிரியும் வெப்பம் உயர்ந்தது. ஆனால் கருவியை எடுத்த பத்து நிமிடத்துக்குள் தசை பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. எனவே தசை இளகியிருக்கும் அச்சில நிமிடங்களிலேயே காலை மெல்ல மடக்கி நீட்டிப் பயிற்றுவிக்க வேண்டும். அதைச் செய்யாமல் கருவிக்கு மட்டும் பணம் கொடுப்பது வீண்.

சிகிச்சை அறையில் முதல் வேலை முடி களைவது. ரோமம் ஒலியலைகளை உறிஞ்சித் தானே சூடேறிவிடும். பின்பு தோலில் குழைமம் தடவி, கருவியின் தலையை இடைவிடாது வட்டமாக நகர்த்தினார் மருத்துவர். ஒரே இடத்தில் நிறுத்தினால் எலும்பின் மேலுறை சுட்டுவிடுமாம். மனித நோயாளி “சுடுகிறது ஐயா” என்பார். இந்நோயாளி என்ன சொல்லும்? திரும்பி அவ்விடத்தைப் பார்க்கும், உதட்டை நக்கும், காலை இழுத்துக்கொள்ளும். அதன் முகத்தருகே அமர்ந்து இவற்றைக் கவனிப்பதே எங்களுக்கு இட்ட பணி.

எல்லா நாய்க்கும் இது ஏற்றதன்று. வளரும் குட்டியின் எலும்பு முனைகள், புற்றுக்கட்டி உள்ள இடம், கருவுற்ற வயிறு, சீழ் கொண்ட புண் ஆகியவற்றின்மேல் இக்கருவியை வைத்தல் ஆகாது. முதுகுத்தண்டு அடிபட்டு உணர்ச்சி மரத்த நாய்க்கு வெந்நீர் ஒத்தடமும் ஆபத்தே. வெந்துபோவதை அது அறியாது. வீட்டில் கொடுப்போர் துணியைத் தம் மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு நிமிடம் வைத்துப் பார்த்துவிட்டே கொடுக்க வேண்டும். மின்சார வெப்பத் திண்டில் நாயைப் படுக்கவைத்துவிட்டு வேறு வேலைக்குச் செல்வது கூடவே கூடாது.

மூன்றாம் வாரத்தில் எங்கள் நாய் விரல் நுனியைத் தரையில் வைத்தது. ஐந்தாம் வாரத்தில் பாதம் முழுவதும் பதிந்தது. கருவியாலா, நாள்தோறும் காலை மாலை கொடுத்த பயிற்சியாலா என்று கேட்டதற்கு, இரண்டையும் பிரித்துச் சொல்ல இயலாது என்றார் மருத்துவர். இப்போது தெருமுனை வரை நான்கு காலில் நடந்து வருகிறது. மாடிப்படி ஏறும்போது மட்டும் அந்தக் காலைத் தூக்கிக்கொள்கிறது.