உங்களுக்குத் தெரியுமா? அயர்லாந்துப் பிள்ளைகளின் விடுகதைகள்

வீடு நிறைய இருக்கும், ஒரு கரண்டிகூட அள்ள முடியாது. அது என்ன? புகை. சதுப்பு நிலத்தில் கட்டி கட்டியாக வெட்டி உலர்த்திய மண்ணை அடுப்பில் எரித்த கிராமங்களில், இந்த விடுகதைக்கு விடை கண்ணெதிரே சுழன்றுகொண்டிருந்திருக்கும்.

●

இப்படிப்பட்ட விடுகதைகளை அயர்லாந்து சேகரித்த விதம் சுவையானது. 1937-ல் அந்நாட்டு நாட்டார் வழக்காற்று ஆணையம், பள்ளியின் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தது. வழக்கமான கட்டுரைப் பயிற்சிக்குப் பதிலாக, தாத்தா பாட்டியையும் அக்கம்பக்கத்துப் பெரியவர்களையும் கேட்டுக் கதை, கைவைத்தியம், விளையாட்டு, விடுகதை எல்லாம் எழுதி வர வேண்டும். 1939 வரை நடந்த இந்த வேலையில் ‘கவுன்ட்டி’ எனப்படும் 26 மாவட்டங்களைச் சேர்ந்த சுமார் 5,000 பள்ளிகளின் 50,000 பிள்ளைகள் பங்கெடுத்தார்கள். சேர்ந்தவை ஏறக்குறைய 7,40,000 பக்கங்கள்! இவ்வளவு இனிமையான வீட்டுப்பாடம் வேறெந்தத் தலைமுறைக்குக் கிடைத்தது?

●

எலிகூட நுழைய முடியாத வீடு. ஜன்னல்களோ அரண்மனையில் உள்ள அளவுக்கு. விடை, தைக்கும்போது விரல் நுனியில் மாட்டிக்கொள்ளும் உலோகக் கூடு. அதன் மேலுள்ள குழிகள்தான் ஜன்னல்கள்.

●

நாலு பேர் நடக்கிறார்கள், நாலு பேர் தொங்குகிறார்கள், இருவர் வழி காட்டுகிறார்கள், ஒருவன் பின்னால் ஆடிக்கொண்டே வருகிறான். கால், மடிக்காம்பு, கண், வால் என்று எண்ணிப் பார்த்தால் பசு வந்து நிற்கும். பால் கறக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இது சுலபம். ஆனால் இதற்கு வயது அதிகம். 13-ம் நூற்றாண்டு ஐஸ்லாந்துப் பழங்கதை ஒன்றில், மாறுவேடத்தில் வந்த ஓடின் கடவுள் அரசன் ஹைட்ரெக்கிடம் ஏறக்குறைய இதையேதான் கேட்கிறார். அங்கே கொம்புகளுக்கும் வேலை உண்டு: நாய்களை விரட்டுவது. கடவுளே கேட்டாலும் அரசன் அசரவில்லை, சரியாகச் சொல்லிவிடுகிறான்.

●

பிள்ளைகள் எழுதியவை இப்போது டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் உள்ளன. ஆணையத்தின் சேகரிப்பு 2017-ல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றது.

●

எல்லா விடுகதைக்கும் அறிவு தேவையில்லை, சிலவற்றுக்குக் குறும்பு போதும். "லண்டன்டெரி, கார்க், கெர்ரி: ‘க’ வராமல் அதை எழுது பார்க்கலாம்!" ஆங்கிலத்தில் இதுபோல ஒன்றைக் கேட்பார்கள். ஊர்ப்பெயர்களோடு மல்லுக்கட்டுகிறவன் தோற்றான். எழுத வேண்டியது ‘அதை’ மட்டும். அ, தை.