குதிரை (நரம்பிசைக் கருவி)

குதிரை என்பது நரம்பிசைக் கருவிகளில் தந்திகளைத் தாங்கி, அவற்றின் அதிரும் நீளத்தின் ஒரு முனையை வரையறுக்கும் உறுப்பு ஆகும். வீணை, வயலின் போன்றவற்றில் இது அதிர்வைக் கருவியின் உடலுக்குக் கடத்துகிறது. மின்கிதாரில் தந்தியின் அதிர்வைக் காந்தச் சுருள் மின்குறிப்பாக மாற்றுவதால், சுருதியை நிலைநிறுத்துவதே குதிரையின் முதன்மைப் பணி ஆகும்.

வீணையில்

தஞ்சாவூர் வீணையின் குதிரை, மேலே உலோகத் தகடு பொருத்திய மரக்கட்டை ஆகும். நான்கு வாசிப்புத் தந்திகள் இதன் மீதும், மூன்று தாளத் தந்திகள் வளைந்த பக்கக் குதிரை மீதும் செல்கின்றன. தந்திகளின் முனைகள் நாகபாசத்தில் கட்டப்படும். அங்குள்ள சிறு வளையங்களை நகர்த்திச் சுருதியை நுட்பமாகச் சேர்க்கலாம்.

மெட்டின் மீது அழுத்தும்போது தந்தியின் இழுவிசை கூடிச் சுரம் சற்று உயர்கிறது. வீணையில் 24 மெட்டுகளும் மெழுகில் பதிக்கப்படுவதால், அவற்றை இடம் மாற்றி இதனை ஈடுசெய்யலாம். மின்கிதாரின் மெட்டுகள் அசையாதவை. எனவே அதன் குதிரையில் தந்தி தங்கும் சேணங்கள் முன்னும் பின்னும் நகருமாறு அமைக்கப்படுகின்றன.

மின்கிதாரில்

* நிலைக் குதிரை: ஃபெண்டர் நிறுவனத்தின் டெலிகாஸ்டர் வகையில், தந்திகள் உடலின் பின்புறமிருந்து துளைகள் வழியே பூட்டப்படுகின்றன. தொடக்ககால வடிவத்தில் இரு தந்திகளுக்கு ஒரு சேணம் என மூன்று சேணங்களே இருந்தன.
* டியூன்-ஓ-மேட்டிக்: கிப்சன் நிறுவனம் 1954இல் அறிமுகப்படுத்தியது. ஆறு சேணங்கள் கொண்டது. தந்திகள் பொதுவாகத் தனியான வால்கட்டையில் பூட்டப்படும்.
* அசையும் குதிரை: 1954இல் வெளிவந்த ஸ்ட்ராடோகாஸ்டரில் தந்திகளின் இழுப்பை உடலின் பின்புறச் சுருள்வில்கள் சமன்செய்கின்றன. குதிரை மிதக்குமாறு அமைக்கப்பட்டிருந்தால், ஒரு தந்தி அறுந்ததும் மற்றவற்றின் சுருதி உயரும். எனவே தந்திகளை ஒவ்வொன்றாக மாற்றுவது நல்லது.
* பிளாய்ட் ரோஸ்: 1970களின் பிற்பகுதியில் உருவானது. மூல வடிவில், தந்தி முனையின் குண்டு வெட்டப்பட்டுச் சேணத்தில் இறுக்கப்படும். கழுத்தின் மேல்முனையிலும் தந்திகள் பூட்டப்படுவதால் சுருதி எளிதில் கலையாது.

பூட்டும் முறையும் இழுவிசையும்

தந்தியை உடலின் வழியே பூட்டினால் இழுவிசை கூடும் என்ற கருத்து பரவலாக உள்ளது. இது சரியன்று. தந்தியின் அதிர்வெண், அதிரும் நீளம், இழுவிசை, ஓரலகு நீளத்தின் நிறை ஆகியவற்றைப் பொறுத்தது. ஒரே தந்தியை ஒரே நீளத்தில் ஒரே சுருதிக்குச் சேர்த்தால், எப்படிப் பூட்டினாலும் இழுவிசை மாறாது.

மாறுவன இரண்டு. சேணத்தின் மீது தந்தி வளையும் கோணம் கூடினால், அதனைக் கீழ்நோக்கி அழுத்தும் விசை கூடும். சேணத்துக்கு அப்பால் தந்தியின் நீளம் கூடினால், சுரத்தை வளைத்து உயர்த்தத் தந்தியைச் சற்று அதிகமாகத் தள்ள வேண்டியிருக்கும். வாசிப்பவரின் விரல் உணரும் வேறுபாடு பெரும்பாலும் இவற்றால் ஏற்படுவதே.