தன்னையே முந்திச் சென்ற பெண்

அரை மரதன் ஓட்டமொன்றில் ஆயிரக்கணக்கானோர் ஒரே கோட்டிலிருந்து புறப்படுகிறார்கள். வெற்றிக் கிண்ணம் ஒருவருக்கு, மேடையேறுவோர் மூவர். அப்படியானால் ஏனையோர் எதற்காக மூச்சிரைக்க ஓடுகிறார்கள்? வேறொருவரைத் தோற்கடிப்பதற்கல்ல. சென்ற முறை தாம் எடுத்த நேரத்தை இம்முறை ஒரு நிமிடமாவது, ஏன், ஒரு செக்கனாவது குறைப்பதற்காகத்தான். இதனையே 'சொந்தச் சாதனை' என்கிறார்கள். உலகச் சாதனையை ஒருவர்தான் வைத்திருக்க முடியும். சொந்தச் சாதனையோ ஓடுகின்ற ஒவ்வொருவருக்கும் உண்டு. நாற்பது வயதில் மூன்று பிள்ளைகளின் தாயாக ஓடத் தொடங்கிய பெண்ணுக்கும் உண்டு.

அந்தச் சாதனையைத் தேடிய ஒரு பெண்ணின் கதை இது. அகதியாக ஐரோப்பாவுக்குச் சென்ற அந்த முஸ்லிம் பெண், அரை மரதன் தூரத்தில் தனது நேரத்தை ஏழு ஆண்டுகளில் ஏறத்தாழ 12 நிமிடங்கள் குறைத்துக் காட்டினார். பெயர் ஸிபான் ஹஸன்.

21 கிலோமீற்றர் என்ன கேட்கிறது?

முழு மரதனின் தூரம் 42.195 கிலோமீற்றர். அதில் சரிபாதி, 21.0975 கிலோமீற்றர்தான் அரை மரதன். பாதிதானே என்று எண்ணிவிட வேண்டாம். வேக ஓட்டக்காரருக்கு இது மிக நீண்ட தூரம். நிதானமாக ஓடுபவருக்கோ, நின்று இளைப்பாற இடந்தராத தூரம்.

நாம் உண்ணும் மாச்சத்தில் ஒரு பகுதி தசைகளிலும் ஈரலிலும் 'கிளைக்கோஜன்' என்னும் வடிவில் சேமிக்கப்படுகிறது. நன்கு பயின்ற ஒருவருக்கு அச்சேமிப்பு அரை மரதனுக்குப் பொதுவாகப் போதும். ஆகவே இங்கு பிரச்சினை எரிபொருள் தீர்வது மட்டுமல்ல, வேகமும்தான். ஓர் எல்லை வரை உடல் தசைகளில் தோன்றும் கழிவுகளை அவ்வப்போது சமாளித்துக்கொள்ளும். அந்த எல்லையைத் தாண்டி வேகமாக ஓடினால் கால்கள் கனத்து, மூச்சு கட்டுக்கடங்காமற் போகும். அரை மரதனை நன்றாக ஓடுவதென்பது அந்த எல்லையை ஒட்டியே, ஆனால் அதைத் தாண்டாமல், கடைசிவரை ஓடுவதாகும்.

பலர் பிழைவிடுவது முதல் மூன்று கிலோமீற்றரில்தான். உடல் புத்துணர்ச்சியோடு இருக்கும். கூட்டமும் ஆரவாரமும் இழுத்துச் செல்லும். அப்போது முந்திக்கொண்ட பத்துச் செக்கன்களுக்குப் பதினாறாவது கிலோமீற்றரில் ஒரு முழு நிமிடத்தைத் திருப்பிச் செலுத்த நேரிடும். பாதையில் மேடுகள் இருந்தால் கணக்கு இன்னும் கடினம். ஏற்றத்தில் வேகத்தைப் பிடித்துவைக்க முயலாமல், உழைப்பின் அளவை மட்டும் ஒரே சீராக வைத்திருக்க வேண்டும். ஏற்றத்தில் இழந்ததை இறக்கத்தில் ஓரளவு மீட்கலாம். மூச்சை இழந்துவிட்டால் மீட்பது கடினம்.

பெண்களுக்கு அடைக்கப்பட்டிருந்த பாதை

இன்று நாம் இப்படிச் செக்கன் கணக்குப் பேசுகிறோம். ஒரு காலத்தில் பெண்களுக்கு முந்துவதற்கென்று ஒரு நேரமே இருக்கவில்லை. 1928ஆம் ஆண்டு அம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீற்றர் ஓடினார்கள். முடிவில் அவர்கள் களைத்து விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதின. நீண்ட ஓட்டம் பெண்ணுடலுக்கு ஒவ்வாது என்று கூறி, அந்தப் போட்டியை 1960ஆம் ஆண்டு வரை ஒலிம்பிக்கிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

1967இல் அமெரிக்காவின் பொஸ்டன் மரதனில் கத்ரின் சுவிற்ஸர் என்னும் மாணவி இலக்கத் தகடு அணிந்து ஓடியபோது, போட்டி அதிகாரி ஒருவர் பாதையிலேயே பாய்ந்து அதைப் பறிக்க முயன்றார். அவரோ ஓட்டத்தை நிறைவுசெய்தார். பெண்களுக்கான மரதன் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 1984இல்தான். அதே ஒலிம்பிக்கில் மொரோக்கோவின் நவால் எல் முதவக்கில் 400 மீற்றர் தடைதாண்டலில் வென்று, அரபு நாடொன்றிலிருந்து தங்கம் பெற்ற முதற் பெண்ணானார். எட்டு ஆண்டுகளின் பின் அல்ஜீரியாவின் ஹஸீபா பூல்மெர்க்கா 1500 மீற்றரில் தங்கம் வென்றார். இந்தப் பெண்கள் திறந்துவிட்ட பாதையில்தான் ஸிபானும் வந்தார்.

தாதிமை பயின்ற அகதிப் பெண்

ஸிபான் ஹஸன் 1993இல் எதியோப்பியாவின் அதாமா நகரில் பிறந்தவர். கிராமத்துப் பண்ணை வீட்டில் தாயினதும் பாட்டியினதும் அரவணைப்பில் வளர்ந்தார். 2008இல், பதினைந்து வயதில், அகதியாக நெதர்லாந்தை அடைந்தார். மொழி புதிது, குளிர் புதிது, முகங்களும் புதியவை. அங்கே தாதிமைக் கல்வி பயின்றுகொண்டே ஓடத் தொடங்கினார்.

2011இல் ஐந்தோவன் நகரில் நடந்த அரை மரதனில் கலந்துகொண்டு பெண்கள் பிரிவில் முதலாவதாக வந்தார். எடுத்த நேரம் 77 நிமிடம் 10 செக்கன். பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு இது மிக நல்ல நேரம். ஆனால் உலகின் முன்னணி வீராங்கனைகள் அப்போதே எழுபது நிமிடங்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு தன்னை ஒப்பிட்டிருந்தால் மனம் தளர நியாயம் இருந்தது.

அடுத்த ஆண்டுகளில் அவர் தூரத்தைக் கூட்டவில்லை, குறைத்தார். 1500 மீற்றர், 3000 மீற்றர், 5000 மீற்றர் என்று ஓடுதளத்தில் வேகத்தை வளர்த்தார். 2013இல் நெதர்லாந்துப் பிரஜாவுரிமை கிடைத்தது. 2014இல் 1500 மீற்றரில் ஐரோப்பியச் சம்பியனானார். 2018 ஜூலையில் 5000 மீற்றரை 14 நிமிடம் 22.34 செக்கனில் ஓடினார். அதாவது ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 2 நிமிடம் 52 செக்கன்.

கொப்பன்ஹேகனில் 65 நிமிடம் 15 செக்கன்

2018 செப்டெம்பர் 16ஆம் திகதி டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்ஹேகனில் ஸிபான் மீண்டும் அரை மரதன் ஓடினார். முடிவுக் கோட்டைத் தாண்டியபோது கடிகாரம் காட்டியது 65 நிமிடம் 15 செக்கன். அது அன்றைய ஐரோப்பியச் சாதனை. அதற்கு முன் அந்தச் சாதனை, கென்யாவில் பிறந்து நெதர்லாந்துக்காக ஓடிய லோர்னா கிப்லகத்திடம் இருந்தது. அவரது நேரம் 66 நிமிடம் 25 செக்கன்.

எனினும் நாம் கவனிக்க வேண்டியது வேறொரு கணக்கு. 2011இல் ஸிபான் ஒரு கிலோமீற்றரை ஓட ஏறத்தாழ 3 நிமிடம் 39 செக்கன் எடுத்தார். 2018இல் 3 நிமிடம் 5 செக்கன். ஒவ்வொரு கிலோமீற்றரிலும் 34 செக்கன்கள் குறைந்திருந்தன. 2 நிமிடம் 52 செக்கன் வேகத்துக்குப் பழகிய கால்களுக்கு 3 நிமிடம் 5 செக்கன் தாங்கக்கூடிய வேகமாகிவிட்டது. ஏழாண்டுகள் வேகத்துக்காக உழைத்த உழைப்பு நீண்ட தூரத்தில் பலன் தந்தது.

இடையில் சோதனைகளும் வந்தன. அமெரிக்காவில் அவர் பயிற்சி பெற்ற குழுவின் தலைமைப் பயிற்றுவிப்பாளருக்கு, ஊக்கமருந்து விதிகளை மீறியமைக்காக 2019இல் நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டது. ஸிபான்மீது குற்றச்சாட்டு எதுவும் இருக்கவில்லை. ஆயினும் சந்தேகக் கேள்விகள் அவரையும் துரத்தின. தடை வெளியானபோது அவர் டோஹா உலகச் சம்பியன் போட்டியில் இருந்தார். அங்கே 10,000 மீற்றர், 1500 மீற்றர் இரண்டிலும் தங்கம் வென்றார். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கின் 1500 மீற்றர் தகுதிச் சுற்றில் கடைசிச் சுற்றின்போது இடறி விழுந்தார். எழுந்து ஓடி அனைவரையும் முந்தினார். அன்று மாலையே 5000 மீற்றரில் தங்கம் பெற்றார்.

நோன்பும் ஓட்டமும்

அரை மரதனை இரட்டிப்பாக்கும் நாளும் வந்தது. 2023 ஏப்ரல் 23ஆம் திகதி லண்டனில் தமது முதலாவது முழு மரதனை ஓடினார். அவ்வாண்டு ரமழான் முடிந்து இரண்டொரு நாட்களே ஆகியிருந்தன. பயிற்சியின் முக்கியமான வாரங்கள் நோன்பு காலத்திலேயே கழிந்தன. ஓடிக்கொண்டே போத்தலை எடுத்துக் குடிக்கும் பழக்கம்கூட அவருக்குப் போதியளவு இருக்கவில்லை.

ஓட்டத்தின் இடையில் இடுப்பில் வலி கண்டது. அவர் பாதையோரம் நின்று தசையை நீட்டித் தளர்த்தினார். முன்னணியினர் விலகிச் சென்றார்கள். மரதனில் நின்றுவிட்டவர் வெல்வதில்லை என்பதே வழக்கம். ஸிபானோ அவசரப்பட்டுப் பாயவில்லை. சிறுகச் சிறுக இடைவெளியைக் குறைத்து முன்னணியினரை எட்டிப் பிடித்தார். தண்ணீர் மேசையை நோக்கித் திரும்பியபோது மோட்டார் சைக்கிள் ஒன்றில் மோதவிருந்து தப்பினார். கடைசியில் 2 மணி 18 நிமிடம் 33 செக்கனில் வெற்றி அவருடையதாயிற்று. அதே ஆண்டு ஒக்டோபரில் சிக்காகோவில் 2 மணி 13 நிமிடம் 44 செக்கனில் ஓடி, தமது நேரத்தை ஐந்து நிமிடங்களுக்கு அருகாகக் குறைத்தார்.

பாரிஸின் மேடுகள்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் மரதன் பாதை எளிதானதல்ல. 1789 ஒக்டோபரில் பாண் கேட்டு வெர்சாய் அரண்மனைக்கு நடந்து சென்ற பாரிஸ் பெண்களின் நினைவாக, அத்திசையிலேயே அப்பாதை அமைக்கப்பட்டது. மொத்த ஏற்றம் 436 மீற்றர். மிகச் செங்குத்தான இடத்தில் சரிவு 13.5 வீதம். அதாவது நூறு மீற்றர் செல்கையில் பதின்மூன்றரை மீற்றர் மேலேற வேண்டும்.

அந்த மேடுகளுக்கு வருமுன்பே ஸிபான் ஒரு வாரத்தில் 5000 மீற்றரை இரு தடவையும், 10,000 மீற்றரை ஒரு தடவையும் ஓடி இரண்டு வெண்கலப் பதக்கங்கள் பெற்றிருந்தார். 10,000 மீற்றர் முடிந்து ஒரு நாளே இடைவெளி. ஓகஸ்ட் 11ஆம் திகதி மரதனில் அவர் முன்னணிக் கூட்டத்தின் பின்புறமாகவே பெரும்பாலும் ஓடினார். ஏற்றங்களில் யாரோடும் மல்லுக்கு நிற்கவில்லை. சேமித்து வைத்த வேகத்தைக் கடைசி சில நூறு மீற்றரில் வெளிப்படுத்தினார். 2 மணி 22 நிமிடம் 55 செக்கன், ஒலிம்பிக் சாதனை. இரண்டாவதாக வந்த எதியோப்பிய வீராங்கனை டிக்ஸ்ற் அஸெபா மூன்று செக்கன்களே பின்னால்.

போட்டிகளில் ஸிபான் ஏனைய வீராங்கனைகளைப் போன்ற விளையாட்டு உடையிலேயே ஓடுபவர். அன்றிரவு நிறைவு விழாவில் தங்கப் பதக்கத்தைப் பெற மேடையேறியபோது ஹிஜாப் அணிந்திருந்தார். பிரான்ஸ் தனது சொந்த வீராங்கனைகள் ஹிஜாப் அணிவதைத் தடைசெய்திருந்த ஒலிம்பிக் அது. அவர் மேடையில் எந்தப் பிரசங்கமும் செய்யவில்லை. உலகம் பார்த்துக்கொண்டது.

நமக்கு என்ன பாடம்?

இதை வாசிக்கும் சகோதரிகள் எல்லோரும் 21 கிலோமீற்றர் ஓட வேண்டும் என்பதில்லை. ஆனால் நேரத்தைக் குறைக்கும் அந்த வழிமுறை யாருக்கும் பொருந்தும்.

முதலாவது, நடையிலிருந்து தொடங்குங்கள். வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் அரை மணித்தியாலம் விரைவாக நடந்து, பின் இடையிடையே ஒரு நிமிடம் மெதுவாக ஓடிப் பழகலாம். பக்கத்தில் வருபவரோடு பேசக்கூடிய வேகமே பெரும்பாலான நாட்களுக்குச் சரியான வேகம். பெரிய வீரர்களும் தமது பயிற்சியில் பெரும் பகுதியை அப்படித்தான் செய்கிறார்கள். பழகிய பின் வாரத்தில் ஒரு நாள் நீண்ட ஓட்டம், ஒரு நாள் சற்று வேகமான ஓட்டம். ஓய்வு நாளும் பயிற்சியின் ஒரு பகுதியே.

இரண்டாவது, உடலைக் கவனியுங்கள். மாதவிலக்கினால் பெண்களுக்கு இரும்புச் சத்துக் குறைவு ஏற்படும் வாய்ப்பு அதிகம். காரணமின்றிக் களைப்பும் மூச்சிரைப்பும் இருந்தால் இரத்தத்தைப் பரிசோதிப்பது நல்லது. இறைச்சி, ஈரல், மீன், பருப்பு, கீரை என்பன இரும்புச் சத்துத் தருபவை. கீரையோடும் பருப்போடும் தேசிக்காய்ப் புளி சேர்த்தால் அச்சத்து உடலில் நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கும். ஆகவே தேநீரைச் சாப்பாடு முடிந்து ஒரு மணித்தியாலம் கழித்து அருந்துங்கள். கர்ப்பிணிகளும், அண்மையில் பிள்ளை பெற்றவர்களும், நீரிழிவு, இருதய நோய் உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. நோன்பு காலத்தில் வெயிலில் ஓடுவதைத் தவிர்த்து, நோன்பு திறந்து இளைப்பாறிய பின் மெதுவாக நடந்தால் போதும்.

மூன்றாவது, எழுதி வையுங்கள். இன்ன திகதி, இன்ன தூரம், இவ்வளவு நேரம் என்று ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். அடுத்த வீட்டுப் பெண்ணின் நேரம் அதில் வேண்டாம். மழை பெய்த நாளும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து தவறவிட்ட வாரமும் அதில் இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து முதற் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். நான்கு நிமிடம் குறைந்திருந்தாலும், ஓடாத தூரத்தை ஓடியிருந்தாலும், அது உங்கள் சாதனை.

ஐந்தோவனில் 77 நிமிடத்தில் ஓடிய அந்தத் தாதிமை மாணவிக்கும் அன்று இருந்தது அவ்வளவுதான்: குறைப்பதற்குத் தனக்கென்று ஒரு நேரம்.