ஆவடியிலிருந்து தொடங்கும் திருப்புதல்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரப் பள்ளிகளில் கலைப்பிரிவில் பயிலும் மேல்நிலை மாணவரைத் திருப்புதல் தேர்வுக் காலத்தில் வரலாற்றுப் பாடம் அச்சுறுத்துவது பெரும்பாலும் ஆண்டுகளால்தான். படித்தவை தேர்வறையில் மறந்துபோகும் என்று அஞ்சும் மாணவர் பாடநூலையும் நோட்ஸையும் மீண்டும் மீண்டும் வாசிக்கிறார். வாசிக்க வாசிக்கச் சொற்கள் பழகிவிடுவதால், பாடமே பிடிபட்டுவிட்டதாக ஓர் எண்ணம் உண்டாகிறது.

அந்த எண்ணம் நம்பத்தக்கதன்று. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் தமக்கு அது நன்கு நினைவிருக்கும் என்று கணித்தனர். ஒரு வாரம் கழித்தோ, வாசித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே மிகுதியாக நினைவுகூர்ந்தனர். மீட்டெடுப்புப் பயிற்சி எனப்படும் இம்முறையில் தொடக்கத்தில் பல இடங்களில் இடறும் என்பதையும், அந்த இடறல் தோல்வியன்று என்பதையும் ஆசிரியர் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

எதை எழுதிப் பார்ப்பது என்பதில் இவ்வட்டாரத்திற்குத் தனி வாய்ப்பு உண்டு. 1955 ஜனவரியில் யு. என். தேபர் தலைமையில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, முதன்மையான உற்பத்திச் சாதனங்கள் சமூகத்தின் உடைமையாகவோ அதன் கட்டுப்பாட்டிலோ இருக்கும் சோசலிச பாணிச் சமுதாயத்தை இலக்காக அறிவித்தது. அடுத்த ஆண்டே தொழிற்கொள்கைத் தீர்மானமும் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டமும் வந்தன. போர்த் தளவாட உற்பத்தியை அரசுக்கே ஒதுக்கிய அக்கொள்கையின் கீழ், 1960களில் அதே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்து 'விஜயந்தா' டாங்கிகளை உருவாக்கியது. ஒரு நிகழ்ச்சி அடுத்ததற்கு இடமளித்த இத்தொடர்பை, அதாவது காரணச் சங்கிலியை, தன் சொற்களில் எழுதத் தெரிந்த மாணவருக்கு 1956 என்பது வெறும் எண்ணாக நிற்பதில்லை. அவ்வாறே, 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலும் ஆவடி வழியாகவே சென்றது. டல்ஹௌசி கால இருப்புப்பாதைத் திட்டத்தைப் படிக்க இதைவிட அண்மையான சான்று வேண்டியதில்லை.

ஆவடி மாநாடு வினாத்தாளில் வரலாம், வராமலும் போகலாம். பயன் அதில் இல்லை, காரணத்தைத் தொடர்ந்து எழுதும் பழக்கத்தில் இருக்கிறது. ஆகவே பள்ளிகள், மதிப்பெண் பதிவேட்டில் ஏற்றாத சிறு எழுத்துப் பயிற்சி ஒன்றை வாரந்தோறும் புத்தகம் மூடிய நிலையில் நடத்தி, விடுபட்டதை மாணவரே பாடநூலோடு ஒப்பிட்டுத் திருத்த அன்றே நேரம் ஒதுக்க வேண்டும்.