செவியே அளவுகோல்

யாழ்ப்பாணம் என்னும் பெயருக்குக் காரணம் கூறும் கதையொன்று உண்டு. கண்ணொளி இழந்த யாழ்ப்பாணன் ஒருவன் யாழிசைத்து மன்னனை மகிழ்வித்தான். இம்மணற்றிடரைப் பரிசிலாகப் பெற்றான் என்பது அக்கதை. மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை அதனை எடுத்துரைக்கின்றது. வரலாற்றாசிரியர் அதனை ஐயுறுவர். ஐயுறுக. கண்ணாற் காணாது செவியாற் கேட்டு வாழ்ந்த ஒருவன் பெயரால் ஒரு நாடு வழங்குகின்றது என்னும் எண்ணம் மட்டும் நமக்கு இன்றும் பயன்தரும். ஏனெனில், ஒலிக்கருவி வாங்கப் புறப்படும் இக்காலத்து மக்கள் செவியை வீட்டில் வைத்துவிட்டுக் கண்ணை மாத்திரம் கடைக்குக் கொண்டு செல்கின்றனர்.

கடைகளில் 'ஹோம் தியேட்டர்' என்று விற்கப்படுவது யாது? முன்னே மூன்று, பின்னே இரண்டு எனச் சிறு பெட்டிகள் ஐந்து; தாழ்ந்த ஒலிக்கெனப் பெரும்பெட்டி ஒன்று. இதனை 5.1 என்று குறிப்பர். முன்னுள்ள மூன்றனுள் நடுவில் நிற்பதே பெரும்பாலும் உரையாடலைச் சொல்வது. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தோ, தவணைக்குக் கட்டியோ, கடல்கடந்த பிள்ளை அனுப்பிய பணத்தைக் கொண்டோ இதனை வாங்குகின்றோம். வீட்டிலுள்ள குழந்தை ஒரு நாளிற் கேட்கும் தமிழில் ஒரு பங்கு இப்பெட்டியின் வாய்வழியே வருகின்றது. பெட்டி எழுத்தைச் சிதைத்துச் சொல்லுமாயின், குழந்தை சிதைந்ததையே எழுத்தென்று கொள்ளும். ஆகவே இது பொழுதுபோக்குப் பொருள் பற்றிய பேச்சு மட்டுமன்று.

மூன்று வாற்றுப் பாடம்

1990ஆம் ஆண்டிற் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. மின்கலமும் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. அக்காலத்திற் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவில் எழுந்த மின்னைக் கொண்டு வானொலி கேட்டனர் நம்மவர். சைக்கிள் டைனமோ தருவது ஏறக்குறைய 6 வோல்ற்று, 3 வாற்று. ஒருவர் சுழற்ற, முற்றத்திற் கூடியிருந்தோர் செய்தியைக் கேட்டனர். அச்செய்தி உயிரோடு தொடர்புடையது. ஊர்ப்பெயர் ஒன்றைத் தவறவிடுதலும் ஆகாது. அவ்வளவு பெரிய தேவைக்கு அவ்வளவு சிறிய ஆற்றல் போதியதாயிற்று.

இன்று பெட்டியின் முகத்தில் ஆயிரக்கணக்கான வாற்று என்று அச்சிட்டிருக்கக் காண்கின்றோம். 'பி.எம்.பி.ஓ.' என்னும் அடைமொழியோடு வரும் அத்தொகை, கருவி ஒரு கணம் எட்டக்கூடியதாகச் சொல்லப்படும் உச்சம். அதனை அளத்தற்கு எல்லாரும் ஒப்பிய விதி இல்லை. பார்க்கவேண்டியது 'ஆர்.எம்.எஸ்.' என்று குறிக்கப்படும், தொடர்ந்து தரக்கூடிய ஆற்றலையே. அவ்வாற்றலை இருமடங்காக்கினும் ஒலி 3 டெசிபெல் அளவே உயரும். செவிக்கு ஒலி இருமடங்காகத் தோன்றவேண்டுமாயின் ஆற்றலை ஏறத்தாழப் பதின்மடங்காக்கல் வேண்டும். பெரிய எண்ணுக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் எண்ணுக்கே கொடுக்கும் பணமாகும்.

எழுத்தைக் கொண்டு சோதித்தல்

பின் எதனைக் கொண்டு தெரிவது? முதலில் மனிதக் குரலைக் கொண்டு தெரிக. வயலினையோ கிற்றாரையோ நாம் நாள்தோறும் கேட்பதில்லை. குரலைப் பிறந்த நாள் முதலாகக் கேட்கின்றோம். அதிற் குறை நேர்ந்தால் இசைப்பயிற்சி இல்லாதவரும் அறிவர்.

நம் மொழியே இதற்கு வாய்த்த ஓர் உரைகல். தொல்காப்பியர் பிறப்பியலில், தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டிடத்தையும் கொண்டு எழுத்தின் பிறப்பைக் கூறுகின்றார். ழகரமும் ளகரமும் லகரமும் நாவின் சிறு அசைவால் வேறுபடுவன. அவ்வேறுபாட்டைச் செவிக்குக் காட்டும் ஒலிக்கூறுகள் பெரும்பாலும் 1,000 முதல் 3,500 ஹேர்ட்ஸ் வரையுள்ள எல்லையில் விளங்குவன. அவ்வெல்லை மங்கினால் வாழையும் வாளையும் ஒன்றாகிவிடும். சாதத்தோடு உண்பது எது, சாதத்தை இடுவது எதில் என்று தெரியாது போகும்.

ஆகவே மாணவர்க்கு ஒரு வழி சொல்வேன். வாழை, வாளை, வாலை, அரம், அறம், மனம், மணம் என்னும் சொற்களை நன்றாக உச்சரிக்கும் ஒருவரைக் கொண்டு சொல்வித்து, அமைதியான அறையிற் கைப்பேசியிற் பதிவுசெய்க. அதனைக் கடையில் அப்பெட்டிவழி ஒலிக்கச் செய்க. எழுத்துக்கள் பிரிந்து கேட்கின்றனவா? குரல் குடத்துள்ளிருந்து பேசுவதுபோல் உள்ளதா? சகரமும் ஸகரமும் சீறுகின்றனவா? இத்துணையே கேள்வி. செலவு ஏதுமில்லை.

ஆடவர் குரலைத் தனியே கேட்டல் வேண்டும். அதன் அடிச்சுருதி பொதுவாக 85 முதல் 180 ஹேர்ட்ஸ் வரை நிற்கும். மலிவான தொகுதிகளிற் சிறுபெட்டிகள் கைக்குள் அடங்குமளவு குறுகியிருத்தலால், அவ்வாழத்தை அவை எட்டமாட்டா. அப்பகுதி பெரும்பெட்டிக்குத் தள்ளப்படும். ஏறக்குறைய 80 ஹேர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலி எத்திசையினின்று வருகின்றதென்று செவி எளிதில் அறியாது. அதற்கு மேற்பட்டதை வரவர நன்கு அறியும். அதன் பயன் யாதெனில், கதாநாயகன் திரையில் நிற்க, அவன் நெஞ்சொலி மேசையின் கீழிருந்து வரும்.

தவிலும் தண்ணுமையும்

அடுத்தது தவில். இணுவிலும் அளவெட்டியும் வளர்த்த இக்கலையை அறியாத செவி நம்மூரில் இல்லை. யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தி (1933-1975) அவர்களின் தவிலும், அளவெட்டி என். கே. பத்மநாதன் அவர்களின் நாதஸ்வரமும் ஒலிப்பதிவுகளில் இன்றும் கிடைக்கின்றன. பழைய பதிவு கருவியைச் சோதிக்கப் போதாதென்பாருளர். அவர்கள் அண்மையிற் செவ்வையாகப் பதிவான ஒன்றைக் கொள்க. திருவிழாவில் நேரிற் கேட்ட ஒலி நினைவில் இருத்தலே வேண்டற்பாலது.

தவிலின் வலந்தலை, கூடணிந்த விரல்களாற் கூர்மையாக ஒலிப்பது. இடந்தலை, கழியால் ஆழமாக ஒலிப்பது. விரைந்த சொற்கட்டுக்களில் ஒவ்வோர் அடியும் பிறந்து அடங்குகின்றதா என்று கவனிக்க. தாழ்ந்த கருவியில் இடந்தலையின் எல்லா அடியும் ஒரே 'பும்' என்னும் முழக்கமாகும். முதலடி அடங்குமுன் இரண்டாவது வந்து விழும். இதனையே பலர் 'நல்ல பேஸ்' என்று புகழ்கின்றனர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே, தண்ணுமை ஆசிரியன் ஏனைக் கருவிகளின் குறையை நிரப்பவும், மிகையை அடக்கவும், தான் மிகாதிருக்கவும் வல்லவனாதல் வேண்டும் என்னும் கருத்தை இளங்கோவடிகள் அமைத்துள்ளார். பெரும்பெட்டிக்கும் இதுவே இலக்கணம். அது நிறுத்தப்பட்டபோது மட்டும் அதன் இருப்பு தெரிதல் வேண்டும்.

அக்காதையே அரங்கின் அளவையும் கூறுகின்றது: அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல், கோலொன்று 24 விரல். கருவிக்கு முன் இடத்தை அளந்தனர் முன்னோர். நாமோ சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் கண்ணாடி யன்னலும் உள்ள அறையிற் பெட்டியை மூலையில் தள்ளிவிட்டு, ஒலி முழங்குகின்றதென்று கடைக்காரரை நோகின்றோம். மூலை தாழ்ந்த ஒலியை மிகுவிக்கும் இயல்பினது. கைதட்டிப் பார்க்க; ஓசை சிலம்பினால், பாயும் திரைச்சீலையும் நிறைந்த புத்தகத்தட்டும் அதனைத் தணிக்கும். தமிழாசிரியர் வீட்டிற் புத்தகத்தட்டுக்குப் பஞ்சமிராது.

கண்ணை மூடுக

அறிவியலும் யாழ்ப்பாணன் பக்கமே நிற்கின்றது. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்திற் பல்லாண்டு ஆய்ந்த ஃபுளோயிட் டூல் என்பாரும், ஷான் ஒலிவ் என்பாரும் 1994இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதில் ஒரே ஒலிபெருக்கிகளைக் கண்டும் காணாதும் கேட்போர் மதிப்பிட்டனர். கண்டபோது பெரிய, விலையுயர்ந்த பெட்டிகள் உயர்த்தப்பட்டன. சிறிய மலிவான தொகுதி தாழ்த்தப்பட்டது. திரைக்குப்பின் வைத்துக் கேட்டபோது அச்சிறியது நன்மதிப்புப் பெற்றது. ஏழைக்கு இதனினும் இனிய செய்தி வேறில்லை.

ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக வைத்தல் இன்றியமையாதது. சற்றே உரத்து ஒலிப்பதைச் செவி சிறந்ததென்று மயங்கும். விற்போர் சிலர் இதனை நன்கறிவர். ஒரே பாட்டின் ஒரே பகுதியை, ஒரே அளவில், நண்பர் ஒருவர் மாற்றித் தர, கண்மூடிக் கேட்க. ஐந்து நிமிடத்திற் களைப்புத் தருவது வீட்டில் ஐந்தாண்டு இனிமை தராது. மனிதச் செவியின் எல்லை 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் என்பர். ஆண்டு ஏற ஏற மேலெல்லை சுருங்கும். ஆதலால் என்போல் ஐம்பதைக் கடந்தோர் கடைக்குச் செல்லும்போது மாணாக்கன் ஒருவனை உடனழைத்துச் செல்க. இவ்வொன்றிலேனும் ஆசிரியன் மாணாக்கனைக் கேட்டறிதல் நன்று.

கைப்பொருள் குறைவெனின், நலிந்த ஆறு பெட்டிகளினும் நல்ல இரண்டு பெட்டிகள் மேலானவை. ஐந்து திசையிலிருந்து வரும் குழப்பத்தினும் ஒரு திசையிலிருந்து வரும் தெளிந்த சொல் மனத்திற் பதியும்.

விபுலாநந்த அடிகள் அறிவியற் பட்டதாரியும் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதருமாவார். எண்ணும் இசையும் கூடிய யாழ்நூல் அவர் உழைப்பால் 1947இல் வெளிவந்தது. அளவையும் கேள்வியும் பகையல்ல என்பதற்கு நம் நாட்டில் அதனினும் பெரிய சான்று வேண்டா. திருவள்ளுவரும் கல்லாமைக்கும் அறிவுடைமைக்கும் நடுவே கேள்வியை வைத்தார். ஒலிக்கருவி வாங்குவோரும் அந்த ஒழுங்கிலேயே செல்வாராக: முதலிற் கேட்க, பின்பு அறிக, அதன் பின்னரே பணப்பையைத் திறக்க.