வாடகைக் குடியினரும் வட்டக் குழுவும்

ஐதராபாத்துக்குப் படிக்க வந்த தமிழ் மாணவர்களுள் அமீர்பேட்டை அறியாதவர் இலர். கணினிப் பயிற்சி தேடி வருபவரும், வேலைத் தேர்வுக்கு ஆயத்தம் செய்பவரும், குறைந்த வாடகையில் ஒரு கட்டில் கிடைத்தால் போதும் என்று அலைபவரும் இறுதியில் வந்து சேரும் இடம் அது. என் பட்ட மேற்படிப்புக் காலத்தில் ஈராண்டுகளாக நானும் அங்குள்ள விடுதி ஒன்றில்தான் வாழ்ந்து வருகிறேன்.

அமீர்பேட்டில் யாரைக் கேட்டாலும் மூன்று குறைகளைச் சொல்வார்கள். ஓசை தாங்கவில்லை, சாலையைக் கடக்க முடியவில்லை, கட்டடங்கள் முறையின்றிப் பெருகிவிட்டன. இவற்றை மூன்று தனித்தனி நோய்கள் என எண்ணுகிறோம். உண்மையில் நோய் ஒன்றே. அதற்குரிய மருந்தும் ஒன்றே என்பது என் கருத்து. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஓசையைப் பார்ப்போம். ஓசையை அளக்கும் அலகு டெசிபல். இது நாம் துணி அளக்கும் முழக்கோல் போன்றதன்று. டெசிபல் கணக்கில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். இருபது கூடினால் நூறு மடங்காகும். ஆகவே, ஐம்பத்தைந்துக்கும் எழுபத்தைந்துக்கும் உள்ள வேறுபாடு சிறிது என்று எண்ணுவது பிழை.

நம் நாட்டில் 2000ஆம் ஆண்டில் ஒலி மாசு விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் எல்லை. வணிகப் பகுதியில் பகலில் 65, இரவில் 55. மருத்துவமனை, கல்விக்கூடம் போன்றவற்றைச் சுற்றி 100 மீட்டர் அளவில் அமைதிப் பகுதி என அறிவிக்கலாம். அங்கே பகலில் 50, இரவில் 40. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. எல்லையை விடப் பத்து டெசிபல் மிகுந்தால் உரிய அதிகாரியிடம் புகார் செய்யலாம்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அமீர்பேட் குடியிருப்பா, வணிகப் பகுதியா? முன்புறம் கடை, நடுமாடியில் பயிற்சி வகுப்பு, மேல்மாடியில் நாற்பது பேர் உறங்கும் விடுதி. இப்படிப்பட்ட கலப்புப் பகுதியை எந்த வகையில் சேர்ப்பது என்பதை உரிய அதிகாரமுடையோர் முடிவு செய்யலாம் என்று அதே விதிகள் கூறுகின்றன. வணிகப் பகுதி என்று முடிவானால், அங்கே உறங்குபவன் பத்து டெசிபல் கூடுதலாகப் பொறுத்துக்கொள்ள வேண்டும்; அதாவது பத்து மடங்கு ஒலி ஆற்றலை! ஓசைச் சிக்கல் என்று நாம் நினைத்தது நகரத் திட்டச் சிக்கலாக மாறிவிடுவதைக் காண்கிறோம் அல்லவா?

அடுத்தது சாலை. அமீர்பேட்டில் இரண்டு மெட்ரோ இரயில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சந்திக்கின்றன. மியாபூரிலிருந்து எல்.பி. நகர் செல்லும் சிவப்புத் தடம் ஒன்று. நாகோலிலிருந்து ராயதுர்கம் செல்லும் நீலத் தடம் மற்றொன்று. 2017 நவம்பர் 28 அன்று மெட்ரோ தொடங்கி வைக்கப்பட்ட நாள் முதல் இந்த நிலையமே அதன் நடுநாயகம். இரயிலில் ஏறுபவரும் இறங்குபவரும் தரையில் நடந்துதானே ஆகவேண்டும்? நடைபாதையிலோ இருசக்கர வண்டிகள் நிற்கின்றன. நடப்பவன் சாலையில் இறங்குகிறான். அவனுக்குப் பின்னால் பேருந்து வருகிறது.

அறிவியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், அதன் ஆற்றல் ஏறத்தாழ 2.8 மடங்காகிறது. நடைபாதையை மீட்பதும் வேகத்தைக் குறைப்பதும் உயிர்காக்கும் செயல்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

நடைபாதையில் வண்டிகள் ஏன் நிற்கின்றன? வண்டி நிறுத்த இடமில்லாத கட்டடங்களில் நூற்றுக்கணக்கானோர் வகுப்புக்கு வருவதால். எனவே சாலைச் சிக்கலும் திட்டச் சிக்கலில்தான் போய் முடிகிறது. இதில் நடைபாதை வணிகரை மட்டும் குறை கூறுவது எளிது, ஆனால் முறையன்று. 2014ஆம் ஆண்டின் தெரு வணிகர் சட்டம் நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பங்குக்குக் குறையாமல் தெரு வணிகரின் பேராளர்கள் இருக்கவேண்டும் என்கிறது. இட்டிலி விற்கும் அம்மையாருக்குச் சட்டம் ஓர் இருக்கை தந்திருக்கிறது. அதை வாங்கி உண்ணும் மாணவனுக்கு அத்தகைய இருக்கை எங்கும் இல்லை.

திட்டமின்மையின் விலை என்ன என்பதை 2019ஆம் ஆண்டு நமக்குக் காட்டியது. அவ்வாண்டு மே 24 அன்று சூரத்தில் பயிற்சி வகுப்பு நடந்த கட்டடம் ஒன்றில் தீப்பற்றி இருபதுக்கும் மேற்பட்ட இளம் மாணவர் மாண்டனர். செப்டம்பர் 22 அன்று நம் அமீர்பேட்டிலேயே, மழைக்காக மெட்ரோ நிலையத்தின் கீழ் ஒதுங்கி நின்ற இளம்பெண் ஒருவர், மேலிருந்து பெயர்ந்து விழுந்த காரைத் துண்டால் உயிரிழந்தார். ஓசையும் நெரிசலும் வெறும் தொல்லைகள், இவையோ உயிர்கள்.

இவற்றையெல்லாம் பேசுவதற்கு இடம் எது? 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், மூன்று இலட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் நகரங்களில் வட்டக் குழுக்கள் அமையவேண்டும் என்கிறது. ஐதராபாத் மாநகராட்சி 2023 ஜூனில் வார்டு அலுவலகங்கள் என்னும் ஏற்பாட்டைத் தொடங்கிற்று. மனுவோடு வருபவர் பல அலுவலகங்கள் ஏறி இறங்க வேண்டாம் என்பது அதன் நோக்கம். அது நல்லதே. ஆயினும் அதிகாரி அமரும் மேசை வேறு. குடிமக்கள் கூடிப் பேசும் சபை வேறு. தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி நாளில், நகரப் பகுதிகளில் பகுதி சபைகள் கூடின. பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். கிராமசபையைப் போல நகரத்துத் தெருவுக்கும் ஒரு சபை வேண்டும் என்னும் எண்ணம் அதில் இருக்கிறது.

சபை என்றதும் நமக்கு உத்திரமேரூர் நினைவுக்கு வரும். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை, முப்பது குடும்புகளிலிருந்து குடவோலையால் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையைக் கூறுகின்றன. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம். நாம் பெருமை கொள்கிறோம், கொள்ளலாம். ஆனால் அதே கல்வெட்டு இன்னொன்றும் சொல்கிறது. கால் வேலிக்கு மேல் நிலமும், சொந்த மனையில் வீடும் உடையவன் பெயரே குடத்தில் ஏறும்! வாடகைக் குடியினன் பெயருக்கு அன்றும் ஓலை இல்லை.

இன்று நிலை என்ன? எங்கள் தெருவின் நலச்சங்கக் கூட்டம் ஒன்றுக்குச் சென்ற ஆண்டு நான் போயிருந்தேன். விடுதிகளால் வரும் ஓசை, வண்டிகள், குப்பை என்று வீட்டுக்காரர்கள் அடுக்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை நியாயமானவையே. நான் எழுந்து, விடுதி மாணவரையும் அழைத்துப் பேசலாமே என்றேன். ஒரு பெரியவர் கனிவாகவே சொன்னார்: “தம்பி, நீங்கள் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போய்விடுவீர்கள். நாங்கள் அல்லவா இங்கேயே இருப்பவர்கள்?”

அவர் சொன்னதில் பாதி உண்மை. நான் போய்விடுவேன், ஆனால் என் கட்டிலுக்கு மறுநாளே இன்னொருவன் வந்துவிடுவான். படுப்பவன் மாறுகிறான், கட்டில் காலியாவதில்லை. அமீர்பேட்டில் நிலையாக வாழ்வோருள் இந்த மாறும் கூட்டமும் ஒன்று. இக்கூட்டத்தை விட்டுவிட்டு வகுக்கும் எந்தத் திட்டமும் பாதி ஊருக்கான திட்டமே. ஓசை, சாலை, கட்டடம் ஆகிய மூன்றுக்கும் வேரான நோய் இதுதான்: பயன்படுத்துவோர் வேறு, பேசுவோர் வேறு.

முன்கூட்டிப் பேசினால் ஊர் எவ்வளவு ஒத்துழைக்கும் என்பதற்கு அருகிலேயே சான்று உண்டு. தெலுங்கு ஆஷாட மாதத்தில் பல்கம்பேட் எல்லம்மன் திருக்கல்யாணம் நடைபெறும்போது, எந்தச் சாலை அடைபடும், எவ்வழியே சுற்றிச் செல்லவேண்டும் என்று காவல்துறை முன்னரே அறிவித்துவிடுகிறது. நெரிசல் உண்டு, குழப்பம் குறைவு. ஒரு விழாவுக்கு இயல்வது ஆண்டு முழுமைக்கும் இயலாதா?

நாம் செய்யக்கூடியவை சில. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர், பெற்றோர் ஊரிலோ விடுதி உள்ள ஊரிலோ, ஏதேனும் ஓரிடத்தில் வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம். தகுதியுள்ளோர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். “எப்போதும் சத்தம்” என்று புலம்புவதை விடுத்து, எந்த நாள், எந்த நேரம், எந்த மூலை என்று மூன்று வாரம் குறித்து வைப்போம். கைப்பேசி காட்டும் அளவு முழுச் சான்றாகாது எனினும் வழிகாட்டும். தெலுங்கு நண்பரின் துணையோடு மனுவைத் தெலுங்கிலேயே எழுதி வார்டு அலுவலகத்தில் கொடுப்போம். நம் விடுதி மொட்டைமாடியில் பத்து மணிக்கு மேல் பாட்டு ஒலித்தால், அதை முதலில் நாமே நிறுத்துவோம். பிறர் ஓசையை அளக்கும் கோலால் நம் ஓசையையும் அளப்பதே நேர்மை.

நம் சங்கத்தில் பொங்கலுக்கும் முத்தமிழ் விழாவுக்கும் குழுக்கள் இருக்கின்றன. அமீர்பேட்டில் தங்கும் உறுப்பினர்களைக் கொண்டு ஐவர் குழு ஒன்றையும் இவ்வாண்டு அமைக்கவேண்டும் எனச் செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஆண்டு அந்தக் கட்டிலில் படுக்கப்போகும் தம்பி தங்கையருக்காக நாம் செய்யும் வேலை அது.