காலுக்கேற்ற பெடல்

சைக்கிள் வாங்கக் கடைக்குச் செல்லும் ஒருவர் எவற்றையெல்லாம் பார்க்கிறார்? வண்ணத்தைப் பார்க்கிறார், மணியை அடித்துப் பார்க்கிறார், சீட்டை அழுத்திப் பார்க்கிறார், பிரேக்கைப் பிடித்துப் பார்க்கிறார். பெடலை மட்டும் பெரும்பாலும் எவரும் கவனிப்பதில்லை. வண்டியோடு வந்தது எதுவோ அதுவே போதும் என்று விட்டுவிடுகிறோம். ஆயினும் வண்டிக்கும் நமக்கும் உள்ள தொடர்பு மூன்றே இடங்களில்தான் அமைகிறது. கைப்பிடி ஒன்று, சீட் ஒன்று, பெடல் ஒன்று. இம்மூன்றனுள் உடலின் உழைப்பு வண்டிக்குச் சென்று சேரும் வழி பெடலே ஆகும். நிதானமாகச் செல்பவருடைய கால்கூட நிமிடத்திற்கு ஏறத்தாழ 60 முறை சுற்றுகிறது. அவ்வாறாயின், அரை மணி நேரப் பயணத்தில் ஒவ்வொரு காலும் 1,800 முறை பெடலை மிதிக்கிறது. பொருந்தாத பெடலால் ஒரு முறைக்கு உண்டாகும் துன்பம் மிகச் சிறிதே. ஆனால் அது 1,800 முறை பெருகுகிறது.

இங்கு நாம் பந்தய வீரர்களைக் கருதிப் பேசவில்லை. பிழைப்பின் பொருட்டுத் தில்லியிலும் புனேயிலும் ஜாம்ஷெட்பூரிலும் குடியேறி வாழும் நம்மவருள், வீட்டிலிருந்து ரயில் நிலையத்திற்கும், காய்கறி அங்காடிக்கும், தொழிற்சாலைக்கும் சைக்கிளிலே போய்வருவோர் உண்டு. ஐம்பது வயதைக் கடந்த பின்னர், உடல்நலம் கருதி மீண்டும் சைக்கிளை எடுப்போரும் உண்டு. இவர்களுக்குப் பெடல் என்பது வெறும் வசதியைப் பற்றிய செய்தி அன்று. நெரிசல் மிக்க சாலையில் கால் வழுக்கினால் உடல் ஒரு பக்கமாகச் சாய்கிறது; பின்னால் பேருந்து வந்துகொண்டிருக்கும். பெடல் சுழன்று வந்து முன்னங்காலில் அடித்தால் அந்தக் காயம் எளிதில் ஆறுவதில்லை. ஒரு முறை அவ்வாறு தடுமாறியவர் அச்சத்தினால் சைக்கிளையே கைவிட்டுவிடவும் கூடும். செலவின்றி ஊரைச் சுற்றிவரும் உரிமையை அவர் அன்றோடு இழந்துவிடுகிறார். சில நூறு ரூபாய் செலவில் இதைத் தடுக்க முடியுமாயின், தடுப்பதே அறிவுடைமையாகும்.

கடைகளில் கிடைக்கும் பெடல்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, நம் நாட்டுக் கறுப்புச் சைக்கிள்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் ரப்பர்க் கட்டைப் பெடல். அச்சுக்கு இருபுறமும் இரண்டு ரப்பர்க் கட்டைகள் இருக்கும். எந்தப் பக்கம் மேலே வந்தாலும் மிதிக்கலாம். செருப்புக் காலுக்கும் வெறுங்காலுக்கும் இதமாக இருக்கும், விலையும் குறைவு. வெயிலில் நாட்கணக்கில் நிற்கும் வண்டியில் ரப்பர் இறுகிப் பளபளப்பாகிவிடுவதே இதன் குறை. அதன்பின் மழை நாளில் வழுக்கத் தொடங்கும். கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் சற்றே பதிந்து மீளுமாயின் ரப்பர் உயிரோடு இருக்கிறது. பதியவே இல்லையெனில் அதை மாற்ற வேண்டும்.

இரண்டாவது வகை, பல்வரிசை போன்ற தகடுகளால் ஆன இரும்புக் கூட்டுப் பெடல். கெட்டியான அடிப்பகுதியுள்ள ஷூவிற்கு இது நன்றாகப் பிடிப்புக் கொடுக்கும். மெல்லிய செருப்பு அணிபவருக்கோ, அந்தப் பற்கள் உள்ளங்காலில் கோடு கோடாகப் பதிந்து நோவு தரும். வெறுங்காலுடன் இதை மிதிக்கவே கூடாது.

மூன்றாவது வகை, அகன்ற தட்டைப் பெடல். நைலானிலும் அலுமினியத்திலும் இது கிடைக்கிறது. பாதத்தின் முன்பகுதி முழுவதையும் தாங்கும் அகலமும், நடுவில் சிறிது குழிந்த வடிவும் இதற்கு உண்டு. பிடிப்பிற்காக மேற்பரப்பில் சிறு முனைகள் அமைந்திருக்கும். நைலானில் அவை உடலோடு சேர்த்தே வார்க்கப்பட்டவை. அலுமினியத்தில் பெரும்பாலும் திருகிப் பொருத்திய உலோக முனைகள். உலோக முனைகள் மலைப்பாதையில் விரைந்து செல்வோருக்காக ஏற்பட்டவை. அவை வேட்டியையும் சேலையையும் கிழிக்கும். கால் தவறினால் தோலையும் கிழிக்கும். நகரத்தில் அமைதியாகச் செல்பவருக்கு வார்ப்பு முனைகள் கொண்ட நைலான் பெடலே ஏற்றது. அது துருப்பிடிக்காது, கோடை வெயிலில் உலோகத்தைப் போலச் சுடுவதுமில்லை.

நான்காவது வகை, காலணியைப் பெடலோடு பிணைத்துவிடும் பந்தயப் பெடல். பனிச்சறுக்குக் கட்டையில் காலணியைப் பூட்டும் முறையைப் பின்பற்றி, லுக் என்னும் பிரெஞ்சு நிறுவனம் 1984 ஆம் ஆண்டில் இதைப் புகழ்பெறச் செய்தது. மறு ஆண்டே பெர்னார் இனோ அத்தகைய பெடலுடன் டூர் த பிரான்ஸ் பந்தயத்தில் வெற்றி பெற்றார். நெடுந்தூரம் நில்லாமல் விரைபவருக்கு அது பயன்படும். சிக்னலுக்குச் சிக்னல் காலூன்றி நிற்க வேண்டிய நமக்கு, நினைத்தவுடன் காலை எடுக்க முடிவதே பாதுகாப்பு. அதற்கென்று தனிக் காலணியும் வாங்க வேண்டியிருக்கும். ஆகவே விற்பவர் எவ்வளவு புகழ்ந்தாலும் அதை நாம் விலக்கிவிடலாம்.

இனித் தேர்ந்தெடுக்கும் முறையைக் காண்போம். நாள்தோறும் எந்தக் காலணியுடன் செல்வோமோ அதையே அணிந்துகொண்டு கடைக்குச் செல்ல வேண்டும். மும்பையின் மழைக் காலத்தில் ரப்பர்ச் செருப்புடன் செல்பவருக்கும், தில்லியின் மார்கழிக் குளிரில் கனத்த ஷூவுடன் செல்பவருக்கும் ஒரே பெடல் பொருந்திவிடாது. பெடலைத் தரையில் வைத்து, அதன்மேல் பாதத்தின் முன்பகுதியை வைத்துப் பாருங்கள். கட்டைவிரலின் அடி மூட்டும் சுண்டுவிரலின் அடி மூட்டும் பெடலின் அகலத்திற்குள் அடங்க வேண்டும். விளிம்பு பாதத்தின் நடுவில் உறுத்தினால் அது உங்களுக்குச் சிறியது. ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் அகலம் பெரும்பாலோருக்குப் போதுமானது. மிகவும் அகன்றிருந்தால் வளைவில் வண்டி சாயும்போது தரையில் உராயும்.

அடுத்து அச்சைக் கையில் பிடித்துக்கொண்டு பெடலைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். மணல் அரைபடுவது போன்ற உணர்ச்சி விரலில் தட்டினால் உள்ளே குண்டுகள் சரியாக அமையவில்லை என்பது பொருள். முன்னும் பின்னும் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. உள்ளமைப்பிலும் வேற்றுமை உண்டு. பழைய முறையில் குண்டுகள் கிண்ணத்திற்கும் கோனுக்கும் இடையில் தனித்தனியே உருளும். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, கிரீஸ் இட்டு, கோனைச் சற்று இறுக்கினால் இத்தகைய பெடல் பல்லாண்டு உழைக்கும். மூடப்பட்ட பேரிங் கொண்டவற்றில் நீரும் தூசியும் எளிதில் புகுவதில்லை; விலை சற்றுக் கூடுதல். மிக மலிவான பிளாஸ்டிக் பெடல்கள் சிலவற்றைத் திறக்கவே வழியில்லை. ஆட்டம் கண்டவுடன் எறிய வேண்டியதுதான். மலிவு என்று அதை வாங்குவோர் மறுமுறையும் வாங்கவேண்டி நேரும்.

எனவே பணத்தை எதில் செலவிடுவது என்னும் கேள்விக்கு விடை எளிது. உறுதியான எஃகு அச்சு, சீராக உருளும் பேரிங், போதிய அகலம் என்னும் இம்மூன்றுக்கும் கொடுக்கும் பணம் வீணாகாது. எடைக் குறைவுக்கும் வண்ணப் பூச்சுக்கும் கொடுக்கும் பணம் நம்போன்றோருக்குப் பயன் தராது. நல்ல ரப்பர்க் கட்டைப் பெடலோ, சாதாரண நைலான் தட்டைப் பெடலோ பெரும்பாலோருடைய தேவையை நிறைவேற்றிவிடும்.

வாங்கிய பெடல் வண்டியில் பொருந்துமா என்ற ஐயம் எழலாம். நம் நாட்டுச் சைக்கிள் தொழில் ஆங்கிலேய அளவுகளைப் பின்பற்றி வளர்ந்தது. 1949 ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த அம்பத்தூரில் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் ஆயினும், 1956 ஆம் ஆண்டில் லூதியானாவில் தோன்றிய ஹீரோ சைக்கிள்ஸ் ஆயினும், பெரியவர்களுக்கான வண்டிகளில் பெடல் அச்சின் பொதுவான அளவு 9/16 அங்குலம். அங்குலத்திற்கு 20 மரை. ஆதலின் லூதியானாப் பெடல் அம்பத்தூர் வண்டியிலும் பொருந்தும். கிராங்க் முழுவதும் ஒரே துண்டாக அமைந்த குழந்தைகள் சைக்கிள் சிலவற்றில் மட்டும் 1/2 அங்குல அச்சு இருக்கும். பழைய பெடலைக் கையோடு எடுத்துச் சென்று ஒப்பிட்டு வாங்குவது நன்று. இணைய வழியில் வாங்குவோர் இந்த அளவைப் படித்துப் பார்த்த பின்னரே பணம் செலுத்த வேண்டும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இதை அறியாமையால் பலர் பெடலின் விலையைப் போலப் பன்மடங்கு இழக்கின்றனர். வலப்புறப் பெடலின் மரை வழக்கமான திசையில் செல்லும். இடப்புறப் பெடலின் மரை அதற்கு நேர்மாறானது. மிதிக்கும்போது சுமை அச்சைச் சுற்றிச் சுற்றி அழுத்துவதால், அச்சு சிறிது சிறிதாக எதிர்த்திசையில் ஊர்ந்து திரும்ப முற்படுகிறது. இருபுறமும் ஒரே வகை மரை இருப்பின் இடப்பெடல் தானே கழன்று விழும். விமானத்தைக் கண்ட ரைட் சகோதரர்கள் அதற்கு முன் சைக்கிள் கடை நடத்தியவர்கள் என்பது நேயர்கள் அறிந்ததே. கழன்று விழாத பெடல் என்று அவர்களும் 1900 ஆம் ஆண்டில் தம் வண்டிகளை விளம்பரப்படுத்தினர்.

பெடல் அச்சின் முனையில் வலத்திற்கு ஆர் என்றும் இடத்திற்கு எல் என்றும் ஆங்கில எழுத்துப் பொறிக்கப்பட்டிருக்கும். நினைவில் வைக்க எளிய விதி இது: எந்தப் பக்கமாயினும், ஸ்பானரை மேல்நோக்கி நிறுத்தி முன்சக்கரத்தின் பக்கம் திருப்பினால் பெடல் இறுகும், பின்சக்கரத்தின் பக்கம் திருப்பினால் தளரும். முதலில் மரையில் சிறிது கிரீஸ் தடவி, ஸ்பானர் இன்றி விரலாலேயே மூன்று நான்கு சுற்று ஏற்ற வேண்டும். விரலுக்கு இணங்காவிடில் கோணலாக நுழைகிறது என்று அறிந்து, கழற்றி மீண்டும் தொடங்க வேண்டும். வலிந்து திருகினால், குறிப்பாக அலுமினியக் கிராங்கில், மரை அழிந்து கிராங்கையே மாற்ற நேரிடும்.

வட மாநிலங்களில் வாழ்வோர் கடைக்காரரிடம் இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. தில்லி ஜண்டேவாலான் சைக்கிள் சந்தையில் மரைக்கு வழங்கும் இந்திச் சொல் 'சூடி' என்பதாகும். வளையலுக்கும் அதே சொல்தான். அச்சைச் சுற்றி வளையல் அடுக்கியது போலத் தோன்றுவதை எண்ணினால் சொல் மறக்காது. இடப்பெடலின் மாற்று மரை 'உல்ட்டீ சூடி'. வலப்பெடலின் மரை 'சீதீ சூடி'. உள்ளே உருளும் குண்டுகளைச் 'சர்ரே' என்பார்கள். இச்சொற்களை அறிந்து பேசும் ஒருவரைக் கடைக்காரர் எளிதில் ஏய்க்க நினையார்.

புதிய பெடல் பூட்டியவுடன் சீட்டின் உயரத்தையும் பார்க்க வேண்டும். பருத்த ரப்பர்ப் பெடலை அகற்றி மெல்லிய தட்டைப் பெடலை இட்டால், மிதிக்கும் இடம் அவ்வளவுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. ஒரு சென்டிமீட்டர் வேறுபாடாயின் சீட்டையும் ஒரு சென்டிமீட்டர் தாழ்த்த வேண்டும். சீட்டில் அமர்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நேராக நிற்க வேண்டும் என்பதே பொதுவான அளவு. பின்னர்ப் பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்கும். பெருவிரல் மூட்டு அச்சுக்கு நேர்மேலே இருக்கலாம். சற்று முன்னே தள்ளி இருப்பதும் தவறன்று. தட்டைப் பெடலின் பெருநன்மை, வலி தோன்றும்போது பாதத்தை விரும்பியவாறு நகர்த்திக்கொள்ளலாம் என்பதேயாகும்.

இரவில் செல்வோர் பெடலின் முன்னும் பின்னும் மஞ்சள் நிற ஒளிபிரதிபலிப்பான் உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். அது நம் காலோடு மேலும் கீழும் அசைவதால், முன்னே செல்வது சைக்கிள் என்று பின்னால் வரும் வாகன ஓட்டி உடனே உணர்கிறார். புதிய பெடலில் இல்லாவிடில், ஒளிரும் பட்டையையேனும் கிராங்கில் ஒட்டிக்கொள்ளலாம்.

மாதம் ஒரு முறை பெடலைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆட்டமோ, சுற்றுக்கொரு முறை 'டிக்' என்னும் ஒலியோ தோன்றினால் அச்சை இறுக்கி, கிரீஸ் இடுங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். உயரம் வேறுபட்ட இரு பெடல்களை மிதிப்பது இடுப்புக்கும் முழங்காலுக்கும் கேடு. சொந்த ஊரை விட்டு வந்து சிக்கனமாக வாழும் குடும்பத்திற்குச் சைக்கிள் ஒரு செல்வம். அச்செல்வம் நெடுநாள் பயன்பட, அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது மணியை அடித்துப் பார்ப்பதோடு நில்லாமல், குனிந்து பெடலையும் ஒரு முறை சுழற்றிப் பார்ப்போமாக.